'ஆய்வு மையம் சொல்கிறது' என்று ஒரு செய்தி வந்தால்: அந்த மையத்தை விசாரிப்பது எப்படி

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியைப் போட்டார். 31,000 அமெரிக்க விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டார்களாம், பூமி சூடாவதற்கும் மனிதன் விடும் புகைக்கும் சம்பந்தமில்லை என்று. கீழே ஓர் அறிவியல் நிறுவனத்தின் பெயரும் இருந்தது. சித்தப்பா கண்டதையும் அனுப்புகிற ஆள் இல்லை. முப்பது வருடம் பொறியாளராக வேலை பார்த்தவர், ஹோட்டல் பில்லைக்கூட ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டார். அவரே நம்பிவிட்டார் என்றால், அவரைப் போன்ற ஒருவர் நம்பும்படி யாரோ மெனக்கெட்டு அதைச் செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அன்று ராத்திரி அவரோடு முக்கால் மணி நேரம் போனில் பேசினேன். அவரும் லேப்டாப்பைத் திறந்துகொண்டார், நானும் திறந்துகொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னென்ன தேடினோமோ, எந்த வரிசையில் தேடினோமோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிவியல் பட்டம் வேண்டாம், ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வந்தால் போதும், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எந்த நிறுவனத்தையும் இப்படிப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். நிபுணர்கள் ஒருமித்துச் சொல்லும் ஒன்றை எதிர்க்க ஒரு நிறுவனத்தை உருவாக்குகிறவர்களுக்கு, வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. "இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை" என்று மக்கள் நினைத்தால் போதும், சட்டம் தள்ளிப்போகும். பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் கம்பெனியின் 1969ஆம் ஆண்டு உள்குறிப்பு ஒன்று பிற்பாடு வெளியே வந்தது, அதில் சந்தேகம்தான் நாம் விற்கும் பொருள் என்றே எழுதியிருந்தார்கள். 1998இல் எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கமான அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டில் தயாரான ஒரு திட்டக் குறிப்பும் அதே வழியில்தான் போகிறது: பருவநிலை அறிவியலில் நிச்சயமின்மை இருக்கிறது என்று சாதாரணக் குடிமக்கள் ஏற்றுக்கொள்ளும்போது நமக்கு வெற்றி கிடைத்துவிடும் என்று. அதனால் அவர்கள் அறிக்கையை வரி வரியாக மறுத்துக்கொண்டு உட்கார்ந்தால், நீங்கள் மறுக்க மறுக்க "பார், விவாதம் நடக்கிறது" என்ற எண்ணம்தான் வலுக்கும். அறிக்கையைப் பிறகு பார்க்கலாம், முதலில் நிறுவனத்தைப் பாருங்கள்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள ஒரு வழி இல்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் அந்த நிறுவனம் தொடங்கிய வருடம், முடிந்தால் மாதம். வலது பக்கம் அதற்கு ஓரிரு வருடம் முன்பு அந்தத் துறையில் என்ன ஆய்வு வந்தது, என்ன சட்டமோ ஒப்பந்தமோ பேசப்பட்டது என்று.

சிகரெட்டிலிருந்து தொடங்கலாம். 1953 டிசம்பரில், எர்ன்ஸ்ட் விண்டரும் அவருடைய சகாக்களும் சிகரெட் புகையில் படியும் தார் என்ற கரும்பசையை எலிகளின் முதுகில் பூசி, அவற்றுக்குப் புற்றுநோய் வந்ததைக் காட்டும் ஆய்வை வெளியிட்டார்கள். அதே டிசம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் பெரிய சிகரெட் கம்பெனித் தலைவர்கள் கூடி, ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்திடம் யோசனை கேட்டார்கள். அந்த நிறுவனத்தின் ஜான் ஹில் சொன்ன யோசனை, ஆய்வாளர்களைத் திட்ட வேண்டாம், நீங்களே ஓர் ஆராய்ச்சி அமைப்பை நிறுவுங்கள் என்பது. 1954 ஜனவரி 4 அன்று 400க்கும் மேற்பட்ட அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது, புகையிலைத் தொழில் ஆராய்ச்சிக் குழு பிறந்தது. எலி ஆய்வுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே இரண்டு மாதம்கூட இல்லை. அந்தக் குழுவின் அறிவியல் இயக்குநராக வந்த கிளாரன்ஸ் குக் லிட்டில் சாதாரண ஆளில்லை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், புற்றுநோய்த் தடுப்புச் சங்கத்தையே நடத்தியவர். அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

இப்போது மற்றவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். 1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன் எதிரி ஏவுகணைகளைத் தடுக்கும் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தை அறிவிக்கிறார், 'ஸ்டார் வார்ஸ்' என்று சொல்வார்களே அது, பல இயற்பியலாளர்கள் இது நடக்காது என்று எதிர்க்கிறார்கள், 1984இல் அந்தத் திட்டத்தை ஆதரிக்க ஜார்ஜ் சி. மார்ஷல் இன்ஸ்டிடியூட் தொடங்குகிறது. 1988இல் ஐ.நா. சார்பில் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவான ஐபிசிசி அமைகிறது, 1989இல் எண்ணெய், நிலக்கரி, வாகன நிறுவனங்கள் சேர்ந்து குளோபல் கிளைமேட் கோயலிஷன் என்ற அமைப்பைத் தொடங்குகின்றன. 1993 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பக்கத்தில் இருப்பவர் விடும் சிகரெட் புகையும் புற்றுநோய் தரும் என்று அறிக்கை வெளியிடுகிறது, அதே வருடம் பிலிப் மோரிஸ் கம்பெனியின் பணத்தில் 'உறுதியான அறிவியலை முன்னேற்றும் கூட்டமைப்பு' என்று ஒன்று வருகிறது. 1997இல் பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தம், 1998இல் அந்தக் கையெழுத்து மனு, இப்போது சித்தப்பாவுக்கு வந்து சேர்ந்ததே அது.

ஒரு ஜோடி தேதியைப் பார்த்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நாலைந்து ஜோடியைச் சேர்த்துப் பார்த்த பிறகு அப்படி விட முடியாது. சித்தப்பா போனில் அந்தத் தாளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பெயர்

பெயர் எதைப் போல ஒலிக்கிறது என்று பாருங்கள். ஐபிசிசிக்கு எதிராக 2008இல் அமெரிக்காவின் ஹார்ட்லேண்ட் இன்ஸ்டிடியூட் ஓர் அறிக்கையை வெளியிட்டது, அதை எழுதிய அமைப்பின் பெயர் என்ஐபிசிசி. ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். அவசரமாகப் படிக்கிற பத்திரிகையாளரோ எம்பியோ இரண்டையும் சம எடையில் வைத்துவிடுவார். 'உறுதியான', 'சுதந்திரமான', 'சமநிலை' போன்ற சொற்கள் பெயரிலேயே இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதற்காகப் பெயரை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள், நல்ல நிறுவனங்களும் இப்படிப் பெயர் வைத்துக்கொள்வதுண்டு.

காசு எங்கிருந்து வருகிறது

இங்கேதான் நிறைய பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் 'எங்களைப் பற்றி' பக்கத்தைப் பார்ப்பார்கள், நன்கொடையாளர் பெயர் இருக்காது, மூடிவிடுவார்கள்.

அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற லாபநோக்கற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் ஃபார்ம் 990 என்ற கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 'நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்' என்று ஓர் இலவசத் தேடுதளம் வைத்திருக்கிறது, பெயரைப் போட்டால் வருமானம், செலவு, இயக்குநர் குழுவில் யார் யார், தலைவருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் வந்துவிடும். ஆனால் பணம் கொடுத்தவர் பெயர் பொதுவாக அதில் வராது, சட்டம் அதை மறைக்க அனுமதிக்கிறது. அப்புறம் என்ன செய்வது? திருப்பிப் போடுங்கள். பணம் வாங்குகிறவர் யாரிடம் வாங்கினேன் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பணம் கொடுக்கும் தனியார் அறக்கட்டளை தன் கணக்கில் யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று எழுதியே ஆக வேண்டும், அதன் படிவம் 990-பிஎஃப். அதனால் வாங்குகிறவரின் வாசலில் நிற்காமல், அரசின் கட்டுப்பாடுகளையே எதிர்ப்பதற்காகப் பணம் தரும் ஸ்கேஃப், பிராட்லி போன்ற அறக்கட்டளைகளின் கணக்கைத் திறந்து அதற்குள் இந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள்.

இந்த வழியையும் அடைக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1999இல் தொடங்கிய டோனர்ஸ் டிரஸ்ட் போன்ற அமைப்புகளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால், அவர்கள் உங்கள் விருப்பப்படி இன்னொரு நிறுவனத்துக்கு அதை அனுப்புவார்கள், கணக்கில் டோனர்ஸ் டிரஸ்ட் பெயர் மட்டும்தான் இருக்கும். ராபர்ட் புரூல் என்ற சமூகவியலாளர் 2003 முதல் 2010 வரையிலான இந்தக் கணக்குகளையெல்லாம் உட்கார்ந்து அலசி 2013இல் வெளியிட்டார். பருவநிலை நடவடிக்கையை எதிர்க்கும் 91 அமைப்புகளின் மொத்த ஆண்டு வருமானம் 90 கோடி டாலருக்கு மேல், வெளியே தெரிகிற பெரிய கம்பெனிகளின் பங்கு குறையக் குறைய டோனர்ஸ் டிரஸ்ட் வழியாக வரும் பணம் கூடிக்கொண்டே போனது. இதில் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும்: அந்த 90 கோடி முழுவதும் பருவநிலைக்கு எதிராகச் செலவானது என்று பலர் பகிர்கிறார்கள், அது தவறு. அந்த அமைப்புகள் வரி, கல்வி என்று வேறு பத்து விஷயங்களிலும் வேலை செய்பவை, அது அவற்றின் மொத்த வருமானம். மிகைப்படுத்திச் சொன்னால் நம்மைப் பிடித்துக்கொள்வார்கள், சொல்கிற நியாயம் அத்தனையும் வீணாகும்.

நம் ஊரில் இவ்வளவு வசதி இல்லை. கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான அமைப்பு என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி ஆண்டறிக்கையைப் பார்க்கலாம். அரசுப் பணம் பெறும் அமைப்பு என்றால் இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமும் இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. மனு எழுதும்போது "உங்கள் நிதி ஆதாரம் என்ன" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பதில் பொதுவாகவே வரும். "இந்த ஆய்வை ஒப்படைத்த கடிதத்தின் நகல், அதன் நிபந்தனைகள், குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த கோப்பின் நகல்" என்று காகிதத்தைக் கேளுங்கள்.

ஆட்களைப் பாருங்கள்

ஃபிரெடரிக் சைட்ஸ் என்ற பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. திடப்பொருள் இயற்பியலில் பெரிய ஆள், 1962 முதல் 1969 வரை அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் தலைவர், பிறகு ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் தலைவர். அங்கிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனிக்கு ஆலோசகரானார், அவர்கள் ஆராய்ச்சிக்காக ஒதுக்கிய 4.5 கோடி டாலரை யாருக்குக் கொடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை. 1984இல் மார்ஷல் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கிய மூவரில் ஒருவர் அவர். 1998இல் அந்தக் கையெழுத்து மனுவோடு போன கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. சிகரெட், ஏவுகணைத் தடுப்பு, பருவநிலை என்று மூன்றிலும் அவர் நின்ற இடம் அரசுக் கட்டுப்பாட்டை எதிர்க்கும் பக்கம், அல்லது அந்த அரசியலுக்குப் பிடித்த பக்கம்.

ஃபிரெட் சிங்கர் என்ற இயற்பியலாளரும் அப்படித்தான், அமில மழை, ஓசோன் ஓட்டை, அடுத்தவர் விடும் சிகரெட் புகை, பருவநிலை என்று எல்லாவற்றிலும் நிபுணர்களுக்கு எதிர்ப்பக்கம். ஹார்ட்லேண்டின் அந்த 2008 அறிக்கையைத் தொகுத்தவரும் அவரே. ஒரே மனிதர் நாலு வெவ்வேறு துறைகளில், நாலிலும் அந்தந்தத் துறை நிபுணர்களுக்கு எதிராக, நாலிலும் ஒரே அரசியல் முடிவோடு வந்தால், அவரை நடத்துவது தரவுகள் இல்லை என்று நான் முடிவு செய்துகொள்வேன். இவர்கள் எல்லோரும் காசுக்காகச் செய்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பனிப்போர் காலத்தில் ஊறியவர்கள், சுற்றுச்சூழல் சட்டம் என்றாலே சோஷலிசம் பின்வாசல் வழியாக வருகிறது என்று உண்மையிலேயே நம்பியவர்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. ஆகவே "காசு வாங்கினாரா" என்று மட்டும் தேடாதீர்கள், "இவர் முடிவு எப்போதாவது மாறியிருக்கிறதா" என்றும் தேடுங்கள்.

எண்ணிக்கையை உடைத்துப் பாருங்கள்

சரி, அந்த 31,000க்கு வருவோம். மனுவை நடத்தியது ஒரிகன் மாநிலத்தில் ஒரு சிற்றூருக்கு அருகே இருக்கும் ஒரிகன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ் அண்ட் மெடிசின் என்ற மிகச் சிறிய அமைப்பு. மனுவோடு ஒரு கட்டுரையையும் இணைத்து அனுப்பினார்கள், அதன் எழுத்துரு, பத்தி அமைப்பு எல்லாமே தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை போலவே இருந்தது. கூடவே அந்தக் கழகத்தின் முன்னாள் தலைவர் சைட்ஸின் கடிதம். வாங்கிப் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? 1998 ஏப்ரலிலேயே தேசிய அறிவியல் கழகம் வெளிப்படையாக அறிவித்தது, இந்த மனுவுக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அந்தக் கட்டுரை எங்கள் இதழிலோ சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் வேறு எந்த இதழிலோ வந்ததில்லை என்று. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் மனு சுற்றிக்கொண்டிருக்கிறது, மறுப்பு சுற்றவில்லை.

இப்படி ஒரு பெரிய எண்ணிக்கை வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள்? எத்தனை பேரில் இத்தனை பேர்? முதல் கேள்விக்கு அந்த மனுவின் சொந்த இணையதளமே பதில் தருகிறது, துறைவாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 31,487 கையெழுத்து. அதில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 9,029. பொறியாளர்கள் 10,000க்கு மேல், மருத்துவத் துறையினர் 3,000க்கு மேல். காலநிலையியல் என்று குறிக்கப்பட்டவர்கள் 39 பேர். அறிவியலிலோ அதையொட்டிய துறையிலோ ஓர் இளநிலைப் பட்டம் இருந்தால் கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான் தகுதி. இரண்டாவது கேள்விக்கு, அந்தத் தகுதி உள்ளவர்கள் அமெரிக்காவில் ஒரு கோடி பேர் என்று வைத்துக்கொண்டாலே 31,487 என்பது நூற்றுக்கு 0.3.

அந்த 39ஐ நான் சொல்லவில்லை, சித்தப்பாவையே தேட வைத்தேன். இது முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போவதும் இதே வேலைதான். ஓர் அறிக்கை இன்னொரு நிறுவனத்தின் அறிக்கையை மேற்கோள் காட்டும், அது ஒரு புத்தகத்தைக் காட்டும், அந்தப் புத்தகத்தை வெளியிட்டவர்கள் முதல் நிறுவனத்தின் நண்பர்களாக இருப்பார்கள். 1972 முதல் 2005 வரை ஆங்கிலத்தில் வந்த, சுற்றுச்சூழல் பிரச்சினைகளை மறுக்கும் 141 புத்தகங்களை மூன்று ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள், 2008இல் வெளியிட்டார்கள். அவற்றில் 92 சதவீதத்துக்கு மேல் வலதுசாரி திங்க் டேங்குகளோடு, அதாவது கொள்கை ஆய்வு மையங்களோடு, தொடர்புள்ளவை. படிக்கிறவருக்கு 141 தனித்தனிக் குரல் கேட்கும்.

நல்ல இதழில் வந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 1967இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எழுதிய ஒரு மதிப்பாய்வு, இதய நோய்க்குக் கொழுப்பைப் பெரிதாகவும் சர்க்கரையைச் சிறிதாகவும் காட்டியது. சர்க்கரை ஆராய்ச்சி அறக்கட்டளை அதற்கு 6,500 டாலர் கொடுத்திருந்தது, நோக்கத்தை அவர்களே வகுத்துக் கொடுத்து, வரைவையும் வாங்கிப் பார்த்திருந்தார்கள் என்பது 2016இல்தான் பழைய கடிதங்கள் வழியாகத் தெரியவந்தது. அந்தக் காலத்தில் நிதி விவரம் எழுத வேண்டும் என்று அந்த இதழில் விதியே இல்லை. இப்போது உண்டு, கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும், அதை முதலில் படியுங்கள்.

அரசே நிறுவனமாக வரும்போது

தனியார் திங்க் டேங்கை விடவும் இது சிக்கலானது, ஏனென்றால் முத்திரை அரசாங்கத்தினுடையது. 2025 ஜூலை 29 அன்று அமெரிக்க எரிசக்தித் துறை பருவநிலை பற்றி 150 பக்க அளவில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. எழுதியவர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் நிபுணர்களின் பொதுக் கருத்தைப் பல வருடங்களாக விமர்சித்து வருபவர்கள், தேர்ந்தெடுத்தவர் துறையின் அமைச்சர். அதே நாளில், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்கள் மக்கள் நலனுக்குக் கேடு என்ற 2009ஆம் ஆண்டு அரசு முடிவை ரத்து செய்யலாம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்மொழிவை அறிவித்தது, அதில் இந்த அறிக்கையை ஆதாரமாகக் காட்டியது. எரிசக்தித் துறையின் அறிக்கை பற்றிக் கருத்துச் சொல்ல மக்களுக்குக் கொடுத்த அவகாசம் சுமார் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் 85க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து 400 பக்கத்துக்கு மேல் ஒரு மறுப்பை எழுதிக் கொடுத்தார்கள், யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அரசு அறிக்கை என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: குழுவை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், வெளியாவதற்கு முன் எதிர்க்கருத்து உள்ள யாராவது படித்தார்களா, வெளியான அன்றே எந்த விதி மாறுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஐபிசிசியின் 2021 அறிக்கை இருக்கிறது, 66 நாடுகளிலிருந்து 234 ஆசிரியர்கள், வரைவுகளுக்கு வந்த 78,007 கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அதன் சுருக்கத்தை எண்ணெய் விற்கும் சவூதி அரேபியா உட்பட எல்லா அரசுகளும் வரி வரியாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

"விஞ்ஞானிகளும்தான் அரசு காசில் ஆராய்ச்சி செய்கிறார்கள்" என்று கட்டாயம் கேட்பார்கள், சித்தப்பாவும் கேட்டார். உண்மைதான். ஆனால் அந்தக் காசு கொடுத்தவர் முடிவைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது, இன்னொரு நாட்டில் இன்னொருவர் காசில் இன்னொருவர் அதையே செய்து பார்த்துத் தப்பைச் சொல்லிவிடுவார், தப்பைக் கண்டுபிடித்தால் அவருக்குப் பெயரும் கிடைக்கும்.

இந்தியாவிலும் நடந்தது. 2019இல் மத்திய அரசு பசுக்களுக்காக அமைத்த ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக், 2021 பிப்ரவரி 25 அன்று நாடு முழுக்க ஒரு பசு அறிவியல் தேர்வு நடத்துவதாக அறிவித்தது, மாணவர்களை எழுதச் சொல்லி ஊக்குவிக்குமாறு யுஜிசி துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதியது, பாடக்குறிப்பில் விலங்குகளை வெட்டுவதால் நிலநடுக்கம் வருகிறது என்று இருந்தது. அறிவியல் இயக்கங்கள் எதிர்த்தன, தேர்வு கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் பாடக்குறிப்பைப் படித்து, அதில் இருந்ததை வெளியே சொன்னவர்களால்தான் எதிர்ப்பு வலுத்தது.

எல்லா எதிர்ப்பும் போலி இல்லை

இந்த இடத்தில் கவனமாக இருங்கள், இல்லாவிட்டால் நாமே அநியாயம் செய்துவிடுவோம். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் டென்ஷனும் அமிலமும் என்று மருத்துவ உலகமே நம்பியபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அது ஒரு பாக்டீரியா என்று சொன்னார்கள். 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைக் குடித்தே பார்த்தார், வயிற்றில் அழற்சி வந்தது. 2005இல் இருவருக்கும் நோபல். அவர்கள் பத்திரிகை விளம்பரம் கொடுக்கவில்லை, கையெழுத்து வாங்கவில்லை. மற்ற மருத்துவர்கள் செய்து பார்த்துச் சரிபார்க்கும்படி ஆய்வை வெளியிட்டார்கள், பத்து வருடம் பொறுத்தார்கள்.

காசு வந்த இடம் சரியில்லை என்பதாலேயே முடிவும் தவறு என்று ஆகாது என்பதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. பெர்க்லியின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், வெப்பநிலைப் பதிவுகளில் நம்பிக்கை இல்லாமல் தானே கணக்குப் போடத் தொடங்கினார். பணம் கொடுத்தவர்களில் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு, 1,50,000 டாலர். கோக் எண்ணெய்த் தொழிலில் பெரும் பணக்காரர், பருவநிலைச் சட்டங்களை எதிர்ப்பவர். 2011இல் முடிவு வந்தது, பூமி சூடாகித்தான் இருக்கிறது. அடுத்த வருடம், காரணமும் மனிதன்தான் என்று முல்லர் வெளிப்படையாக எழுதினார். கொடுத்தவருக்குப் பிடிக்காத முடிவையும் வெளியிட்டார்.

இதோடு அந்த குளோபல் கிளைமேட் கோயலிஷனை வைத்துப் பாருங்கள். 1995இல் அவர்களுடைய சொந்தத் தொழில்நுட்ப நிபுணர்களே, பசுங்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை நன்றாக நிறுவப்பட்டது, அதை மறுக்க முடியாது என்று உள்ளே எழுதிக் கொடுத்தார்கள், மறுப்பாளர்களின் வாதங்கள் எடுபடாது என்று ஒரு பகுதியும் வரைவில் இருந்தது. இறுதி வடிவத்தில் அந்தப் பகுதி இல்லை. வெளியே பல வருடம் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆக, எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் நான் கடைசியாகத் தேடுவது இதைத்தான்: பணம் கொடுத்தவருக்கு நஷ்டம் தரும் ஒரு முடிவையாவது இவர்கள் இத்தனை வருடத்தில் வெளியிட்டிருக்கிறார்களா? ஒன்று இருந்தால் அறிக்கையை உட்கார்ந்து படிப்பேன். இருபது வருட வெளியீடுகளில் ஒன்றுகூட இல்லை என்றால், முடிவை எழுதி வைத்துவிட்டுத்தான் ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது

"அது பொய், காசு வாங்கிக்கொண்டு எழுதியது" என்று குழுவில் எல்லோர் முன்னாலும் போடாதீர்கள். அனுப்பியவர் மூத்தவராக இருந்தால் அது அவமானம், அப்புறம் உண்மையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், மரியாதையைப் பற்றித்தான் பேசுவார்கள். தனியாகப் போன் செய்யுங்கள். நான் ஆரம்பித்தது இப்படித்தான்: "சித்தப்பா, நீங்க அனுப்பினதுல அந்த 31,000 பேர் யார் யார்னு அவங்க வெப்சைட்லயே போட்டிருக்காங்க, சேர்ந்து பார்க்கலாமா?" பட்டியலை அவர்தான் திறந்தார், அவர்தான் கீழே கீழே போனார், "இதுல என்ன மாதிரி இன்ஜினியர்தாம்ப்பா பத்தாயிரம் பேர்" என்று அவர்தான் சொன்னார். அதனால்தான் அந்த 39ஐ அவரையே தேட வைத்தேன். நான் சொல்லியிருந்தால் அது என் கருத்து. அவர் கண்டுபிடித்ததால் அது அவர் கூட்டிப் பார்த்த கணக்கு. மறுநாள் காலையில் குழுவில் அவரே எழுதினார், நான் நேற்று அனுப்பியதில் பருவநிலை படித்தவர்கள் 39 பேர்தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

இன்னும் ஒரு வேலை, இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்பதே. நீங்கள் பார்த்த பக்கங்களை அன்றே சேமித்து வையுங்கள். இயக்குநர் குழுப் பக்கம், நிதிப் பக்கம், அறிக்கையின் பிடிஎஃப், பார்த்த தேதி. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் முகவரியைப் போட்டுச் சேமித்தால் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், பழைய வடிவங்களையும் அங்கேயே பார்க்கலாம், போன வருடம் இருந்த நன்கொடையாளர் பெயர் இந்த வருடம் ஏன் காணவில்லை என்பதும் சில நேரம் அதில் தெரியும். இந்த நிறுவனங்கள் நிலைத்து நிற்பதில்லை. குளோபல் கிளைமேட் கோயலிஷன் 2002இல் கலைந்தது, மார்ஷல் இன்ஸ்டிடியூட் 2015இல் மூடியது, அதன் பருவநிலை வேலை சிஓ2 கோயலிஷன் என்ற பெயரில் அதே வருடம் திரும்பத் தொடங்கியது. அந்தத் தாளில் இடது பக்கம் அதையும் எழுதுங்கள், வலது பக்கம் 2015 டிசம்பர், பாரிஸ் ஒப்பந்தம்.